விதை போடும் கணக்கு

2022 ஜூன் நடுப்பகுதியில் இலங்கை அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: மூன்று மாதங்களுக்கு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எரிபொருள் இல்லாமல் வேலைக்கு வந்துபோவதே பெரும்பாடாக இருந்தது ஒரு காரணம். அந்த நாளில் வீட்டுத்தோட்டம் செய்து தங்களுக்கு வேண்டிய மரக்கறியைத் தாங்களே விளைவிக்கட்டும் என்பது இன்னொன்று. முந்தைய ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததில் விளைச்சல் விழுந்திருந்தது. டொலர் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போனது. சந்தையில் கத்தரிக்காயின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்த காலம் அது.

கொழும்பில் இருந்து பார்த்தால் ஜூன் விதை போட ஏற்ற மாதம்தான். தென்மேல் பருவமழை அங்கே மண்ணை நனைத்துக்கொண்டிருக்கும். அதே வெள்ளிக்கிழமைகளில் திருகோணமலையில் கச்சான் வீசிக்கொண்டிருந்தது. கொழும்பை நனைத்த காற்றுத்தான் கச்சானாக இங்கு வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அமுக்கம் கூடி, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் சூடாகிறது. சமவெளியைக் கடந்து கொட்டியாரக் குடாவுக்கு வரும்போது அதில் மிஞ்சியிருப்பது சூடு மட்டும்தான். பகல் வெப்பநிலை 34, 35 பாகையைத் தொடும். ஜூன் முழுவதும் சேர்த்தாலும் சராசரி மழை 30 மில்லிமீற்றரைத் தாண்டாது. நிலாவெளிப் பக்கத்து வெறும் மணலின் மேற்பரப்பு நண்பகலில் 50 பாகைக்கு மேலே போய்விடும். அந்த மணலில் போட்ட விதை முளைக்கவில்லை என்றால் பழி விதைக்கடைக்காரர் தலையில் விழும். ஆனால் விதை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. முளைக்காமல் இருப்பதும் அதன் வேலைதான்.

ஒரு விதைக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. முளைவேர் வெளியே வந்தபின் அது திரும்பவும் உள்ளே போய் உறங்க முடியாது. கையிருப்பு மாப்பொருளும் எண்ணெயும் தீர்வதற்குள் வேர் நீரைப் பிடிக்க வேண்டும், இலை வெயிலைப் பிடிக்க வேண்டும். ஆகவே கிளம்புவதற்கு முன் அது ஈரம், சூடு, காற்று, ஒளி, உப்பு என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்கிறது. இந்த அளவைகள் மரக்கறிக்கு மரக்கறி வேறு. முன்னோர் எந்த நாட்டில் எந்தக் காலநிலையில் பிழைத்தார்களோ அந்த ஊர்க் கணக்கைத்தான் விதை தன்னோடு கொண்டுவருகிறது. திருகோணமலையின் மணலும் கிணறும் காற்றும் அந்தக் கணக்கோடு எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று தெரிந்துவிட்டால், பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சடித்த அறிவுரையில் பாதி தேவைப்படாது.

வெண்டியில் தொடங்கலாம். காய்ந்த வெண்டி விதை பச்சை கலந்த சாம்பல் நிறம், உருண்டை, சூலகத்தோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு. ஒரு கிராமுக்கு இருபது விதை தேறுவதே அரிது. அதன் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான் நீர். அந்த வறட்சியில் கலத்துக்குள் எந்த வேலையும் நடக்காது என்றே சொல்லலாம். தண்ணீரில் போட்டதும் அது மளமளவென்று ஊறிப் பெருக்கிறது. இதில் உயிருக்குப் பங்கில்லை. செத்த விதையும் இதே வேகத்தில் குடிக்கும். ஊறியதைப் பார்த்துவிட்டு ‘விதை நல்ல விதை’ என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

உண்மையான சோதனை அதன் பிறகு. உறிஞ்சுவது நின்று, பல மணி நேரம் வெளியே ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். உள்ளே அப்போதுதான் கிழிந்த மென்சவ்வுகள் தைக்கப்படுகின்றன, உடைந்த டி.என்.ஏ. ஒட்டப்படுகிறது, சுவாசம் தொடங்குகிறது. சுவாசத்துக்கு ஒட்சிசன் வேண்டும். அதனால்தான் வெண்டியையும் பாகலையும் ஓர் இரவு ஊறவைப்பது நல்லது, இரண்டு நாள் ஊறவைப்பது கொலை. வெண்டியில் சில விதைகள் ஓர் இரவுக்குப் பிறகும் ஊறாமல் கல்லாகவே கிடக்கும். அவற்றின் உறை நீரை விடுவதில்லை. காட்டுச் செடிக்கு இது காப்புறுதி: எல்லா விதையும் ஒரே மழைக்கு ஏமாறக்கூடாது. தோட்டக்காரருக்கு இது தொல்லை. சீமெந்துத் தரையில் இரண்டு தேய் தேய்த்துவிட்டுப் போட்டால் நீர் இறங்கும்.

பயற்றையை இப்படி ஊறவைக்கவே கூடாது. அதன் உறை மெல்லியது, எளிதில் வெடிப்பது. நீர் ஒரேயடியாக உள்ளே பாய்ந்தால் வித்திலைகளின் வெளிக்கலங்கள் தாங்காமல் வெடித்து, சர்க்கரையும் உப்பும் வெளியே கசியும். அந்தக் கசிவு மண்ணில் உள்ள பங்கசுகளுக்கு விருந்து. ஈர மண்ணில் நேரே ஊன்றிவிட்டால் அது மெதுவாகவே குடித்துப் பிழைத்துக்கொள்ளும்.

மிளகாய் இன்னொரு ரகம். அதன் தட்டை விதைக்குள் முளையம் சுருண்டு கிடக்கிறது. முளைவேரின் நுனிக்கு எதிரே, சேமிப்பு இழையத்தால் ஆன ஒரு தடித்த மூடி. அதை உடைக்கும் வலு முளைவேருக்கு இல்லை. கிப்பரலின் என்ற ஓமோன் சுரந்து, அது நொதியங்களை வரவழைத்து, அந்த மூடியைக் கரைத்து மெலிதாக்கிய பிறகே வேர் வெளியே வரும். மிளகாயும் கத்தரியும் தோட்டக்காரரின் பொறுமையைச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ஓமோனின் கதை சுவையானது. நாற்றுகளை ஒல்லியாக, அளவுக்கு மீறி உயரமாக வளரவைத்துச் சாகடிக்கும் ஒரு நெல் நோயை ஆராய்ந்த குரோசாவா, 1926இல் தைவானில், அந்த நோயின் பங்கசு சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் என்று காட்டினார். பங்கசின் பெயரான கிப்பரெல்லாவிலிருந்தே ஓமோனுக்குப் பெயர் வந்தது. பங்கசில் கண்டுபிடித்த பொருளைத் தாவரங்கள் தாங்களே உள்ளுக்குள் செய்துகொள்கின்றன என்பது பிறகு தெரியவந்தது.

கிப்பரலினுக்கு எதிராளி அப்சிசிக் அமிலம். பழுத்த தக்காளியை வெட்டினால் ஒவ்வொரு விதையையும் ஒரு வழுவழுப்பான கூழ் சூழ்ந்திருக்கும். உள்ளே ஈரம் இருக்கிறது, சூடு இருக்கிறது; ஆனாலும் விதை பழத்துக்குள் முளைப்பதில்லை. கூழின் சர்க்கரைச் செறிவும் அப்சிசிக் அமிலமும் சேர்ந்து அதைத் தடுத்துவைக்கின்றன. விதையைக் கூழோடு ஒரு கோப்பையில் பிழிந்து இரண்டு நாள் புளிக்கவிட்டு, மேலே பூஞ்சணம் படர்ந்ததும் கழுவிக் காயவைக்கும் பழக்கம் இருக்கிறதே, அது அந்தத் தடையைத்தான் நீக்குகிறது. விதையில் ஒட்டியுள்ள சில பற்றீரியாக்களும் அந்தப் புளிப்பில் செத்துப்போகும்.

சூட்டுக் கணக்கில்தான் திருகோணமலைத் தோட்டக்காரர் அதிகம் அடி வாங்குகிறார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் விதை ஆய்வு செய்த ஹாரிங்டன், மரக்கறி விதைகளை வெவ்வேறு மண் வெப்பநிலைகளில் போட்டு, முளை தலைகாட்ட எத்தனை நாள் ஆகிறது என்று அட்டவணை போட்டார். அதில் வெண்டி 20 பாகையில் 17 நாள் எடுக்கிறது. 30 பாகையில் 7. 35 பாகையில் 6. சூடு ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். தக்காளி 25 முதல் 30 பாகை வரை 6 நாளில் வருகிறது. 35இல் 9 நாளுக்குப் பின்வாங்குகிறது. சலாது 25 பாகையில் 2 நாளிலேயே முளைக்கிறது, 30இல் 3 நாள், 35இல் முளைப்பதே இல்லை.

இந்தக் கடைசி வரி நமக்கு முக்கியம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெளிநாட்டார் சலாது கேட்கிறார்கள். அது நுவரெலியாவிலிருந்து லொறியில் வருகிறது. இங்கேயே போட்டால் என்ன என்று கோடையில் விதைத்துப் பார்ப்பவருக்குப் பாத்தியில் ஒன்றும் வராது. சலாதின் முன்னோர் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளைச் சேர்ந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறண்டது. சூடான மண் என்றால் கோடை என்று பொருள், கோடையில் முளைத்தால் சாவு. ஆகவே சூட்டை உணர்ந்ததும் விதை தன்னைப் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டைத் திறக்க ஒரு வழி உண்டு. ஈரத் துணியில் சுற்றி ஓரிரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, முளைவேர் வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் மாலையில் நட்டால் பிழைக்கும். அதற்குப் பிறகும் இந்த வெயிலில் இலை கசக்கும், சீக்கிரம் பூத்தண்டு நீளும். மார்கழியில் செய்வதானால் செய்யலாம். மற்ற மாதங்களில் முளைக்கீரையே போதும் என்பது என் கட்சி. கீரை இந்த வெயிலுக்கென்றே பிறந்தது. ஒளித்தொகுப்பில் அது சோளத்தையும் கரும்பையும் போல நாற்கரிம வழியைப் பின்பற்றுகிறது. மற்றச் செடிகள் சூட்டில் திணறும் வேளையிலும் காபனீரொட்சைட்டைச் செறிவாகப் பிடித்து வளரும். விதைத்து மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும்.

சலாதுக்கு அறிவியலில் ஒரு பெரிய இடமும் உண்டு. 1952இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ற்ஸ்வில் நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஊறிய சலாது விதைமேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் முளைப்பதையும், உடனே கடுஞ்சிவப்பைப் பாய்ச்சினால் அந்த முடிவை அது கைவிடுவதையும் கண்டார்கள். மாற்றி மாற்றி எத்தனை தடவை காட்டினாலும் கடைசியாகக் காட்டிய ஒளிக்கே விதை கட்டுப்பட்டது. பைற்றோக்குரோம் என்ற ஒளியுணரி இப்படித்தான் பிடிபட்டது. வெயிலில் சிவப்பு கூடுதல். இலைகளுக்கு அடியில் வடிந்து வரும் நிழலில் கடுஞ்சிவப்பு கூடுதல். தலைக்கு மேலே மரம் நிற்கிறதா, வெளியா என்பதை விதை இதை வைத்தே அறிகிறது.

அதே பைற்றோக்குரோமின் வேலையை இந்த ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நவராத்திரிக்கு மண் பரப்பி நவதானியம் விதைத்து அதன்மேல் கும்பம் வைக்கிறோம். கதவு சாத்திய அறையில் அந்த முளைகள் சில நாளிலேயே நெட்டையாக, மஞ்சளாக, வாடி விழப்போவதுபோல் எழும்பும். வெயிலில் முளைத்தவை பச்சையாக, குட்டையாக நிற்கும். இருட்டில் உள்ள முளை தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே எண்ணுகிறது. இலை விரிப்பதிலோ பச்சையம் செய்வதிலோ செலவழிக்காமல், எல்லாவற்றையும் நீளத்தில் போட்டு வெளிச்சத்தைத் தேடுகிறது. புரட்டாதிக் கடைசியில் வரும் இந்தச் சடங்கு, ஐப்பசி மழைக்குச் சற்று முன்பாக வீட்டில் உள்ள தானியம் முளைக்குமா என்று காட்டிக் கொடுத்தும் விடுகிறது. அதற்காகத்தான் செய்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சாமி காரியத்துக்கெல்லாம் விஞ்ஞானக் காரணம் தேடிப் பெருமைப்படுகிறவர்கள் நம்மிடையே ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள்.

ஐப்பசியில்தான் இங்கே தோட்டம் உண்மையில் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் நவம்பரும் டிசம்பரும் தனித்தனியே 300ஐத் தாண்டும். இந்த மழை ஈரத்தைத் தருவதோடு உப்பையும் கழுவுகிறது. அதைச் சொல்லக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே நீளும் மணற்கரையில் ஆழம் குறைந்த கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில். மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் ஊடுருவியுள்ள கனமான கடல்நீர்மேல் மிதந்துகொண்டிருப்பதே அந்தக் கிணறுகளின் இரகசியம். கைபன் 1889 அளவிலும் ஹெர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே கண்ட கணக்கு இது: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை கடல்நீரைத் தள்ளிவைக்கும். திருப்பிப் பார்த்தால் இதுவே பயமுறுத்தும். கச்சான் காலத்தில் மோட்டரைப் போட்டு நீர்மட்டத்தை ஒரு முழம் இறக்கினால், அடியிலிருந்து சவர்த்தண்ணீர் அதைப்போல் நாற்பது மடங்கு மேலே வர இடம் கிடைக்கிறது. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் இந்தக் கரையின் கிணறுகளுக்குள் கடல் நேரே புகுந்தது. அவசரப்பட்டு முழுவதையும் இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும் ஆபத்து அப்போது இருந்தது. மணல் என்பதால் அடுத்தடுத்து வந்த மாரிமழைகள் உப்பைக் கீழே கழுவின. களிமண்ணாக இருந்திருந்தால் அது இத்தனை சுலபமாகப் போயிருக்காது.

உப்பு விதையை இரண்டு விதமாக அடிக்கிறது. கரைந்த உப்பு நீரைத் தன்னோடு பிடித்துவைப்பதால், மண் ஈரமாக இருந்தாலும் விதை தாகத்தில் கிடக்கும். உள்ளே போன சோடியம் கலங்களை நஞ்சூட்டும். மண்ணின் உப்பை அளக்கும் அலகு மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பது. கடல்நீர் 50க்கு மேலே. மாஸும் ஹொஃப்மனும் 1977இல் வெளியிட்ட அட்டவணையில், எந்த அளவைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்று பயிர்வாரியாக இருக்கிறது. போஞ்சிக்கு அது 1.0, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, பீற்றூட்டுக்கு 4.0. பிற்காலத்தில் திருத்திய அட்டவணைகளில் கௌபிக்கு 4.9. நம்முடைய பயற்றை கௌபியின் உடன்பிறப்பு, இரண்டும் ஒரே இனம். மலைநாட்டுப் போஞ்சி கடற்கரையில் மஞ்சளித்து நிற்கும்போது பக்கத்துப் பந்தலில் பயற்றை முழநீளத்துக்குத் தொங்குவதில் வியப்பில்லை. பீற்றூட் மட்டும் ஒரு தந்திரக்காரி. வளர்ந்த செடி உப்பைத் தாங்கும். அதே செடியின் விதை முளைக்கும் பருவத்தில் 3 டெசிசீமன்ஸையே தாங்காது. முதல் இரண்டு கிழமை நல்ல தண்ணீர், பிறகு கிணற்றுத் தண்ணீர் என்று ஊற்றினால் சரிவரும்.

பாத்தியின் வடிவமும் இங்கே கணக்கில் வருகிறது. வெயிலில் நீர் மேலேறி ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அது அதிகம் சேருவது வரம்பின் உச்சியில், நாம் பார்த்துப் பார்த்து விதை ஊன்றும் அதே இடத்தில். உச்சியை விட்டு வரம்பின் தோளில் ஊன்றினால் உப்பு விதையைத் தாண்டி மேலே போய்விடும். நாற்றுக்குப் பயன்படுத்தும் தும்புத்தூளிலும் உப்பு இருக்கலாம், மட்டை உவர்நீரில் ஊறியிருந்தால் நிச்சயம் இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டே சிரட்டையில் நிரப்ப வேண்டும்.

ஆழம் பற்றிய பொதுவிதி எளிது: விதையின் தடிப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கீரை விதை ஒரு கிராமுக்கு ஆயிரத்தைத் தாண்டும். அதற்குள் உள்ள கையிருப்பு சில மில்லிமீற்றர் ஏறவே காணும். ஆகவே மணலோடு கலந்து தூவி, மேலே சும்மா தடவிவிடுகிறோம். கந்தளாய்ப் பக்கத்துச் செங்கபில மண்ணில் இன்னொரு சிக்கல்: மழை அடித்து வெயில் எறித்ததும் மேலே ஓடுபோல் இறுகிவிடும். சின்ன முளையால் அதை உடைக்க முடியாது. மெல்லிய வைக்கோல் மூடாக்கு இருந்தால் துளி நேரே மண்ணை அடிக்காது. கரையோர மணல் இறுகாது. ஆனால் மேல் விரலளவு மணல் ஒரு காலைக்குள் காய்ந்துவிடும். அங்கே விதி சொல்வதைவிடச் சற்று ஆழமாகப் போடுவதே நல்லது.

பூசணியும் வெள்ளரியும் முளைப்பதைக் கொஞ்சம் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். விதையின் கூர்நுனியில் உறை சற்றே பிளந்து, வேர் வெளியே வந்து கீழே வளைகிறது. வளைந்த இடத்தின் உட்பக்கத்தில், வேரும் தண்டும் சேரும் இடத்தில், ஒரு சின்னப் பல் முளைக்கிறது. அந்தப் பல் உறையின் கீழ்ப்பாதியை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, மேலே தண்டு வில்லாக நிமிர்ந்து, இரண்டு வித்திலைகளையும் உறையிலிருந்து உருவி எடுக்கிறது. வேலை முடிந்ததும் வெற்று உறை மண்ணுக்குள்ளேயே கிடக்கும். டார்வின் தன் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து தாவர அசைவுகளைப் பற்றி 1880இல் வெளியிட்ட நூலில் இந்தப் பல்லை விவரித்திருக்கிறார். அது ஏன் எப்போதும் கீழ்ப்பக்கத்திலேயே வருகிறது என்ற கேள்விக்கு விடை விண்வெளியிலிருந்து வந்தது. 1998இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெள்ளரி விதைகளை முளைக்கவைத்தார்கள். எடையற்ற அந்த நிலையில் முளைகளுக்கு இரண்டு பக்கமும் பல் வந்தது. இரண்டு பல்லுக்கும் திட்டம் உள்ளேயே இருக்கிறது. மேல்பக்கத்துப் பல்லைப் புவியீர்ப்பு அமுக்கிவிடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. பூசணி விதையைப் படுக்கவைத்து ஊன்றச் சொல்வதில் இருக்கிற நியாயம் இது. செங்குத்தாக ஊன்றினால் பல் சரியாகப் பிடிக்காமல், தலையில் உறையை மாட்டிக்கொண்டே முளை வெளியே வரும். வித்திலைகள் விரிய முடியாமல் தவிக்கும்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் நாற்றுமேடையில் போட்டுப் பிடுங்கி நடுகிறோம். வெண்டி, பயற்றை, பூசணி, புடோல், பாகலை நேரே ஊன்றுகிறோம். வழக்கமாகச் செய்வதுதான் என்றாலும் அதற்குள் வேரின் இயல்பு இருக்கிறது. கத்தரிக் குடும்பத்து வேர் அறுந்தால் பக்கத்திலிருந்து பத்து வேர் விடும். பூசணிக் குடும்பத்து வேர் முதிர்ந்ததும் நீர்புகாப் பொருள் படிந்து, அறுந்த இடத்தில் மறுவேர் விடத் தயங்கும். முன்கூட்டியே முளைக்கவைக்க வேண்டுமென்றால் சிரட்டையிலோ வாழைமட்டைக் கோப்பையிலோ போட்டு, வேரைக் குலைக்காமல் அப்படியே குழிக்குள் இறக்க வேண்டும்.

நாற்றுமேடையின் பெரிய எதிரி நாற்றழுகல். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற முளைகள் காலையில் அடித்தண்டு நூலாக மெலிந்து சரிந்து கிடக்கும். பித்தியம், ரைசொக்ரோனியா போன்ற மண்வாழ் உயிரிகளின் வேலை. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் இவற்றுக்குத் தடபுடல் விருந்து. மேடையை ஒரு சாண் உயர்த்துவது முதல் மருந்து. வைக்கோலும் உமியும் மாறி மாறி அடுக்கி, காற்றுக்கு எதிர்த்திசையில் மெல்ல எரிந்து போகும்படி தீ வைப்பது விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லும் வழி; தீ மெதுவாக நகர்ந்தால்தான் சூடு மண்ணுக்குள் இறங்கும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. இஸ்ரேலில் காற்றானும் அவரது குழுவினரும் 1976இல் வெளியிட்ட முறை: ஈரமாக்கிய மண்ணை ஒளிபுகும் பொலித்தீனால் நான்கு ஐந்து கிழமை இறுக மூடிவைப்பது. மேல்மண் 45, 50 பாகைக்குச் சூடேறி, நோய்க் கிருமிகளும் களை விதைகளும் வெந்துபோகும். ஆவணி வெயிலை இதைவிட இலாபமாகச் செலவழிக்க இந்த ஊரில் வேறு வழி தெரியவில்லை. தண்ணீர் ஊற்றும் விதத்தையும் பார்க்க வேண்டும். “வாளியால ஊத்தாத பிள்ளை, கையால தெளி, விடிய தெளி, பொழுதுபட்டுத் தெளிச்சா இரவு முழுக்க ஈரத்தில நிக்கும்” என்று அயல்வீட்டு ஆச்சி சொல்வதை தாவர நோயியல் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்கிறது.

முளைத்து, நட்டு, நிமிர்ந்த பிறகு வருவது மான். பிரட்றிக் கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் நகரத்தின் தெருக்களிலும் பகிரங்கமாக உலாவுகின்றன. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். பயற்றைக் கொழுந்து வைத்திருப்பவர்கள் வேலி அடைக்கிறார்கள். இதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. வேலி ஆளுயரத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

விதை எடுத்து வைப்பதில் முதற்கேள்வி, எடுத்த விதை தாயைப்போல் வருமா என்பது. கடையில் வாங்கும் பொட்டலத்தில் கலப்பினம் என்று போட்டிருந்தால் வராது. மகாஇலுப்பள்ளமவில் உருவான மிச் எச்.வை. 1 மிளகாய் கலப்பினம்; அதன் பழத்து விதையைப் போட்டால் மென்டல் 1865இல் பட்டாணியில் காட்டியதுபோல் பாட்டன் பாட்டி குணங்கள் பிரிந்து சிதறும். எம்.ஐ. 2, கே.ஏ. 2 மிளகாய், ஹரித வெண்டி, திருநெல்வேலி ஊதாக் கத்தரி போன்றவை கலப்பினமல்ல. அவற்றில் விதை எடுக்கலாம். திருநெல்வேலி என்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அடுத்தது மகரந்தம். தக்காளியும் பயற்றையும் பூ விரியும் முன்பே பெரும்பாலும் தங்களுக்குள் காரியத்தை முடித்துக்கொள்ளும். பக்கத்தில் எந்த ரகம் நின்றாலும் கவலையில்லை. மிளகாயும் கத்தரியும் வெண்டியும் தேனீ வந்தால் மறுப்பதில்லை. பூசணிக் குடும்பத்தில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூச்சி வந்தே ஆக வேண்டும். பூசணி விடியற்காலையில் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடும். பீர்க்கு பொழுது சாயும்போது விரிகிறது. புடோல் இருட்டிய பிறகு, நுனியெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூவை விரித்து அந்துப்பூச்சிகளை வரவழைக்கிறது. ரகத்தைச் சுத்தமாக வைக்க நினைப்பவர், மறுநாள் விரியப்போகும் பூசணிப் பெண்பூவை மாலையிலேயே நூலால் கட்டிவைத்து, காலையில் அதே ரகத்து ஆண்பூவைப் பிடுங்கித் தடவி, திரும்பவும் கட்டிவிட வேண்டும். பூவின் அடியில் உள்ள பிஞ்சைப் பார்த்தாலே எது பெண் என்று தெரியும்.

எடுத்த விதை எத்தனை காலம் உயிரோடிருக்கும்? 1879இல் மிச்சிகனில் வில்லியம் பீல் இருபது போத்தல்களில் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்தார். 2021இல் தோண்டிய போத்தலிலிருந்தும் சில முளைத்தன. மறுபக்கம், வெங்காய விதை சாதாரணமாக வைத்தால் ஓரிரு ஆண்டில் செத்துவிடும்; நிலாவெளி, குச்சவெளிச் சின்ன வெங்காயக்காரர் விதையை நம்பாமல் வெங்காயத்தையே நடுவதற்கு இருக்கும் காரணங்களில் இதையும் சேர்க்கலாம். ஹாரிங்டன் இங்கேயும் ஒரு விதி தந்திருக்கிறார். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும்; வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். 14 சதவீத ஈரத்தை 10க்குக் கொண்டுவந்தால் ஆயுள் 16 மடங்கு. அவரது மற்ற விதி, பாரன்ஹீற் பாகையையும் காற்றின் ஈரப்பதன் சதவீதத்தையும் கூட்டினால் 100க்குள் நிற்க வேண்டும் என்பது. திருகோணமலைச் சமையலறையில் 86 பாகை, ஈரப்பதன் 75 என்று வைத்தால் கூட்டுத்தொகை 161. கடதாசிச் சரையில் மடித்து அலுமாரியில் வைத்த விதை அடுத்த மாரிக்கு ஏன் பாதிதான் முளைக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவவில் 1988இல் ஜப்பானிய உதவியோடு தொடங்கிய தாவர மரபணு வள நிலையம் உள்நாட்டுப் பயிர் விதைகளைக் குளிரறைகளில் வைத்துக் காப்பதும் இதே கணக்கின்படிதான்.

அந்தக் காலத்தில் விதையைச் சாம்பலில் புரட்டி, அடுப்புக்கு மேலே புகைபடக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தச் சூட்டில் ஈரம் குறைந்தது. புகையும் சாம்பலும் வண்டைத் தள்ளிவைத்தன. காஸ் அடுப்புக்கு மேலே அந்த இடம் இல்லை. விதையை நிழலிலும் காலை வெயிலிலும் காயவிட வேண்டும். ஈர விதையை உச்சி வெயிலில் தகரத்தில் பரப்பினால் முளையம் வெந்துவிடும். பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலின் அடியில் கால்பங்குக்கு நன்றாக வறுத்து ஆறிய அரிசியைப் போட்டு, மேலே துணிமுடிச்சில் விதையை வைத்து இறுக மூட வேண்டும். வறுத்த அரிசி போத்தலுக்குள் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிழமை கழித்து அரிசியை மாற்றிவிட்டு, போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில், உறைய விடாமல் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறந்துவிடக் கூடாது. போத்தல் அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுக்காவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த விதைமேல் பனியாகப் படியும்.

புரட்டாதி நடுவில் அதிலிருந்து இருபது விதையை எண்ணி எடுத்து, ஈரத் துணியில் சுருட்டி, ஒரு கிழமை வைத்துப் பார்க்க வேண்டும். மிளகாயும் கத்தரியும் என்றால் இரண்டு கிழமை. பதினெட்டு முளைத்தால் குழிக்கு ஒன்றோ இரண்டோ போதும். பத்துப் பன்னிரண்டு என்றால் மூன்று ஊன்றி, வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். ஐந்தாறுதான் என்றால், மழைக்கு இன்னும் இரண்டு மூன்று கிழமை இருக்கும்போதே அயலில் யாரிடம் நல்ல விதை இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்க வேண்டும்.